சீரியலைக் காதால் பார்த்தவர்கள்

ஆலங்குளத்தான்:

எந்த சீரியல் நல்ல சீரியல், எது குப்பை என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். அதுதான் தினமும் நடக்கிறதே. நான் கேட்பது வேறு. வீட்டில், பக்கத்து வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், மளிகைக்கடை கல்லாவில் சீரியல் பார்க்கும் ஆட்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அம்மா சீரியல் பார்த்ததே இல்லை. சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள், நாதஸ்வரம் என்று எதைக் கேட்டாலும் கதை சொல்லுவாள். மெட்டி ஒலி டெல்லி குமாருக்கு ஐந்து பெண்கள், எந்தப் பெண்ணுக்கு எந்த மாமியார், யார் எந்த வாரம் அழுதாள் எல்லாம் அத்துபடி. ஆனால் பார்த்ததில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முந்தின ராத்திரி நனைத்து வைத்த இலையைத் துணியில் துடைத்து, தகட்டை மேலே வைத்து அளவாகக் கத்தரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். மடியில் சுளகு, அதாவது முறம். சுளகில் புகையிலைத் தூள். இலையில் தூளை வைத்து உருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்கினால் ஒரு பீடி. கை பாட்டுக்குப் போகிற வேலை மாதிரி தெரியும். ஆனால் கண்ணை எடுத்தால் பீடி ஒன்று பெருத்துப்போகும், இல்லையென்றால் சூம்பிப்போகும். கடைக்குக் கொண்டுபோனால் கழித்துத் தள்ளிவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. அதனால் டிவி எதிரே ஓடும், அம்மாவின் கண் சுளகில் இருக்கும்.

2000 வாக்கில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில்தான் டிவி. எங்கள் வீட்டுக்கு ராத்திரி ஆறேழு பேர் சுளகோடு வந்துவிடுவார்கள். மதினி, சித்தி, எதிர்வீட்டு ஆச்சி என்று ஒரு கூட்டம். டியூப்லைட் வெளிச்சம் கையில் விழ வேண்டும் என்று பாதிப் பேர் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்! முதுகைக் காட்டிக்கொண்டே மூக்கைச் சிந்துவார்கள். பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வேடிக்கை.

அதைவிட ஒன்று இருக்கிறது. சீரியல் ஓடும்போது யாரும் பீடியை எண்ண மாட்டார்கள். சுற்றிச் சுற்றி சுளகின் ஓரத்தில் குவிப்பார்கள். விளம்பரம் வந்ததும் ஆளாளுக்கு முணுமுணுவென்று எண்ணி, 25 சேர்ந்ததும் ஒரு கட்டாகக் கட்டுவார்கள். வசனம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கை நிற்காது. 17-க்கு அப்புறம் "அடிப்பாவி" வந்துவிடும். அரைமணி நேர சீரியல் ஒன்றுக்கு ரெண்டு கட்டு. அம்மாவிடம் "மணி என்னம்மா ஆச்சு" என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காமல் சுளகைப் பார்த்துச் சொல்லுவாள்.

என் கட்சி என்னவென்றால், சீரியல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு வசனத்திலும் "சொல்லுங்க அத்தை", "இல்ல மாமா", "என்ன அண்ணி" என்று முறைவைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கும் தெரிய வேண்டுமே. போன் வந்தால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவார்கள். "என்னது, மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா? எந்த ஆஸ்பத்திரி? பெரியாஸ்பத்திரியா?" உலகத்தில் எவன் போனில் இப்படிப் பேசுகிறான்?


சுக்குக்காப்பி:

இதையெல்லாம் பெருமையாக வேறு எழுதுகிறீர்களா? மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பதைக் கேட்டாலும் விஷம்தான், பார்த்தாலும் விஷம்தான்.


ஆலங்குளத்தான்:

வாங்கண்ணே. ஒரு நாளைக்கு 1000 பீடி சுற்றியிருக்கிறீர்களா? சுற்றிவிட்டு வந்து பேசலாம்.


கட்டிங் டேபிள்:

சாலிகிராமத்தில் ஏழெட்டு வருஷம் சீரியல் எடிட்டிங்கில் அசிஸ்டென்ட்டாக இருந்தவன். அண்ணன் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியைக் கேட்டால் வருத்தப்படுவீர்கள்.

அந்த போன் விஷயம் உங்கள் ஆச்சிக்காக இல்லை, கால்ஷீட்டுக்காக. அந்தப் பக்கம் பேசுகிற ஆர்ட்டிஸ்டுக்கு அன்றைக்கு வேறு ஷூட்டிங் இருக்கும். அவரைக் கூப்பிட்டால் ஒரு நாள் சம்பளம், அவர் நிற்க ஒரு லொகேஷன், லைட் மாற்ற ஒரு மணி நேரம். அதற்கு இந்தப் பக்கம் இருக்கிறவரே ரெண்டு பேர் வசனத்தையும் சேர்த்துப் பேசிவிட்டால் சோலி முடிந்தது. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோட் கொடுக்க வேண்டிய இடத்தில் இப்படித்தான் ஓட்ட முடியும். ஒரு ஆளை மூன்று தடவை ஜூம் பண்ணி டொய்ங் டொய்ங் டொய்ங் என்று போடுகிறோமே, அதுவும் பாதி நாள் ஃபுட்டேஜ் பத்தாமல்தான். 40 செகண்ட் குறைகிறது என்றால் மாமியார் முகத்தில் 15, மருமகள் முகத்தில் 15, நடுவில் நிற்கும் வேலைக்காரியின் முகத்தில் 10.

ஆனால் மீதிப் பாதி நீங்கள் சொன்னதுதான். என் சீனியர் ஒருத்தர் எபிசோட் முடிந்ததும் மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிப்பார். நான் ஓட்டிக் காட்ட வேண்டும். டீ முடிகிற வரைக்கும் திரும்பவே மாட்டார். எங்கேயாவது "யாருடா பேசறது இப்போ?" என்று கேட்டார் என்றால் அந்த சீனில் கைவைக்க வேண்டும். கரண்டியைக் கையில் வைத்திருக்கிற பொம்பளைக்குப் புரியாத சீன் டிவியில் சீனே இல்லை என்பது அவர் கட்சி. பீடி சுளகு அவருக்குத் தெரியாது, சமையல்கட்டு தெரியும்.

இன்னொன்று. சீரியல் கதாநாயகிகளில் நிறையப் பேர் பெங்களூரு, கேரளா, ஆந்திரா பக்கத்துப் பெண்கள். தமிழ் அவர்கள் வாயில் இருக்காது. டப்பிங் பேசுகிறவர்கள் தனி. நல்ல குரல் என்று பேர் எடுத்தவர் ஒரே நாளில் மூன்று சீரியலுக்குப் பேசிவிட்டுப் போவார். சாயங்கால சீரியலில் கண்ணைக் கசக்குகிற மருமகளும் ராத்திரி சீரியலில் சொத்தை எழுதி வாங்குகிற வில்லியும் சில நாள் ஒரே தொண்டைதான்.


ஆலங்குளத்தான்:

அடேயப்பா! ஒரு பழைய வழக்கு இன்றைக்குத்தான் தீர்ந்தது. அம்மா பல தடவை "இவ அவதாம்ல" என்று சொல்லுவாள். "யாரும்மா?" "அந்த நாடகத்துல மூத்த மருமவளா வாறாள்லா, அவதான் இதுல கொழுந்தியா." நான் டிவியைப் பார்ப்பேன். முகம் வேறு, உயரம் வேறு, நிறம் வேறு. "ஒனக்குக் கண்ணு சரியில்லம்மா" என்று சிரிப்பேன். அவளும் "இருக்கும்ல" என்று விட்டுவிடுவாள். எத்தனை வருஷம்! சரியாகச் சொன்னது அவள், தப்பாகப் பார்த்தது நான்.


வெண்கோல்:

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன், மேல்நிலைப்பள்ளி ஆசிரியர். கணினி வாசித்துச் சொல்ல, நான் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன். இங்கே எல்லாரும் காதால் பார்ப்பதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுவதால் ஆயுள்கால உறுப்பினன் என்ற உரிமையில் உள்ளே வருகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சியின் ஒலியும் ஒளியும் நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே வீட்டுக்குள் போய்விடும். அந்தப் பெயரைக் கவனித்தீர்களா? ஒலிதான் முதலில். ஒளி அப்புறம்தான். அண்ணன்மார் என்னைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் இதைச் சொல்லி வாயை அடைப்பேன்.

ஆலங்குளத்தார் சொன்ன அத்தை மாமா விளி எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்கே தெரிந்திருக்காது. பள்ளியில் படிக்கும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் பாட்டியும் மட்டும்தான் யாரையும் கேட்காமல் கதையைத் தொடர்வோம். பாட்டிக்குக் கண்ணில் புரை. மற்றவர்கள் பார்ப்பார்கள், நாங்கள் புரிந்துகொள்வோம்.

எல்லாமே தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அறை விழுகிற சீன் வரும். பளார். யார் யாரை அறைந்தார்கள்? தெரியாது. மூன்று பேர் மூச்சு வாங்குவார்கள், வயலின் அழும், வெள்ளிக்கிழமை எபிசோட் முடிந்துவிடும். திங்கட்கிழமை வரைக்கும் நான் அறைந்தவனைத் தேடிக்கொண்டிருப்பேன். கோலங்கள் 1533 எபிசோட் ஓடியது. அதில் எத்தனை அறையில் ஆள் மாறி நினைத்துக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. கடிதத்தை எடுத்து மனதுக்குள் படித்து மயங்கி விழுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். வாய்விட்டுப் படித்தால் என்ன குறைந்துபோகும்?

நாதஸ்வரத்தின் 1000-வது எபிசோடை 2014-ல் ஒரே ஷாட்டில், நேரலையில், 23 நிமிடத்துக்கு மேல் நடத்தினார்கள். கின்னஸில் சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரே ஆரவாரம். "கட்டே இல்ல பாரு, கட்டே இல்ல பாரு" என்று என் மைத்துனர் துள்ளுகிறார். நான் பேசாமல் இருந்தேன். கட் என்பது கண்ணுக்குத்தானே? எனக்கு எல்லா எபிசோடும் ஒரே ஷாட்தான். அதை இயக்கிய திருமுருகனுக்கு ஒரு நாள் கின்னஸ், எனக்குத் தினமும்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் மர்மதேசம். அதிலும் விடாது கருப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். ராத்திரி, ஊர் அடங்கிய நேரம், தூரத்தில் குதிரைக் குளம்படி. அது நெருங்கி வர வர என் அண்ணன் என் தொடையைப் பிடிப்பான். அவன் கண்ணை இறுக்கி மூடியிருப்பது அவன் மூச்சிலேயே எனக்குத் தெரியும். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வாள், வளையல் சத்தம் சொல்லிவிடும். கண்ணை மூடுவார்களே ஒழிய ஒருத்தராவது காதைப் பொத்த மாட்டார்கள். அந்த அரைமணி நேரம் எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருந்தோம்.


பருத்தித்துறையாள்:

வெண்கோல் ஐயா எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன்.

தொண்ணூறுகளில எங்கட பக்கம் கரண்ட் இல்லை. ஒரு நாள் ரெண்டு நாளில்லை, வருசக்கணக்கா. ஆராவது ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து டெக்கில படம் போட்டால் ஊரே கூடும். மற்றபடி சைக்கிள்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தினால் டைனமோவில கரண்ட் வரும், அதில ரேடியோ பாடும். செய்தி கேக்கிறதுக்குத்தான் முதலிடம். செய்தி முடிஞ்சாப் பிறகு, அப்பா நல்ல மனநிலையில இருந்தால், கசெட்.

எங்களிட்ட விதி படத்தின்ர கதைவசனக் கசெட் ஒண்டு இருந்தது. 1984-ல வந்த படம். நான் அந்தப் படத்தைப் பாக்கேல்லை, இண்டைக்கும் பாக்கேல்லை. ஆனால் கோர்ட் சீன் முழுக்கப் பாடம். சுத்துறது நானும் தம்பியும் மாறி மாறி. கை சளைச்சுதெண்டால் மோட்டர் மெதுவாப் போகும், சுஜாதா வக்கீலின்ர குரல் இழுபட்டு இழுபட்டு ஆம்பிளைக் குரலாப் போயிடும். "சுத்தடா, சுத்தடா, வழக்குத் தோக்கப் போகுது" எண்டு அம்மம்மா கத்துவா. தம்பி உடம்பைக் குடுத்துச் சுத்துவான். அப்ப வக்கீல் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிடுவா. அம்மம்மாவுக்கு அதுவும் பிடிக்காது.

கரண்ட் வந்து, கேபிள் வந்து, சன் டிவி வந்த பிறகும் அம்மம்மா டிவிக்கு முன்னால இருக்கமாட்டா. குசினி வாசல்படியில இருந்து தேங்காய் துருவுவா. "வந்து பாருங்கோவன்" எண்டால், "எனக்குக் கேக்குது பிள்ளை" எண்டுவா. கதை எல்லாம் விளங்கும். ஒண்டுதான் அவவுக்கு விளங்கேல்லை. "ஏன் பிள்ளை இந்தச் சனம் எல்லாம் இப்பிடிக் கத்துது? கரண்ட் இருக்குத்தானே, ஆறுதலாக் கதைக்கலாமே."


கட்டிங் டேபிள்:

"கரண்ட் இருக்குத்தானே." இதை எங்கள் சவுண்ட் இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன்.


தேர்முட்டி:

என் அனுபவம் நேர் எதிர். காது பயன்படாமல் கண்ணால் மட்டும் பார்த்த கதை.

தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் கிராமம். பஞ்சாயத்து டிவி ஒன்றுதான். மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி தலையாரியிடம். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. முழுக்க இந்தி. எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கும் இந்தி தெரியாது. ஆனால் ராமாயணம் தெரியாத ஆளும் கிடையாது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சூடம் ஏற்றி டிவிக்குக் காட்டிவிட்டு உட்காருவார்கள். கைகேயி வாயைத் திறந்ததுமே கிழவிகள் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். என்ன பேசினாள் என்று யாருக்கு வேண்டும்? என்ன பேசுவாள் என்று தெரியுமே.

மகாபாரதம் வந்ததும்தான் சிக்கல். 1988 அக்டோபரிலிருந்து 1990 வரைக்கும் 94 எபிசோட். பாரதத்தில் கிளைக்கதை அதிகம். முதலில் ஒரு சக்கரம் சுற்றும், ஆளே இல்லாமல் ஒரு குரல் பேசும். காலம் பேசுகிறதாம். அது புரியாமல் கூட்டம் முழித்தது. அப்போது பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாமா ஊருக்கு வந்திருந்தார். பதினேழு வருஷம் வடக்கே இருந்தவர். அவரை நாற்காலி போட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம். அவர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்லுவார். ராஜ உபசாரம்தான். வெற்றிலைச் செல்லம், சொம்பில் மோர்.

நன்றாகவும் சொல்லுவார். பீஷ்மர் பேசினால் இவர் குரலும் கனக்கும். திரௌபதி சபதத்தில் இவரே அழுதார். சகுனி வந்தால் மட்டும் "ஏதோ கெட்டதாத்தான் சொல்றான்" என்று முடித்துவிடுவார். சகுனி பக்கம் பக்கமாகப் பேசியிருப்பான்.

2013-ல் விஜய் டிவியில் புது மகாபாரதத்தைத் தமிழில் டப் பண்ணிப் போட்டார்கள் இல்லையா, அப்போது பேரன்களோடு பார்த்தேன். பட்டாளத்து மாமா சொன்ன பல வசனம் வரவே இல்லை. சரி, இது வேறு எடுப்பு என்று விட்டுவிட்டேன். அப்புறம் பழையதையே ஒரு தடவை இந்தி தெரிந்த என் மருமகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அதிலும் இல்லை! கர்ணனைப் பற்றி மாமா சொன்ன ரெண்டு மூன்று இடம் ஊர் தெருக்கூத்தில் வருகிற வசனம். அவருக்கு இந்தி எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அந்தக் கர்ணன்தான் கர்ணன்.


கிம்ச்சி குழம்பு:

இங்க எல்லாரும் பெரியவங்க போல. நான் காலேஜ் படிக்கறேன், கொரியன் டிராமா பைத்தியம். எங்க அக்கா காலத்துல புதுயுகம் சேனல்ல கொரியன் டிராமாவைத் தமிழ்ல டப் பண்ணிப் போட்டாங்க, அவ அதுல மாட்டினா. நான் போன்ல சப்டைட்டில் வெச்சுப் பாக்கறேன். குக் வித் கோமாளி தவிரத் தமிழ் டிவியில எதுவும் பாக்கறதில்ல. திட்டாதீங்க.

பொள்ளாச்சிப் பக்கம் எங்க அப்பத்தா வீடு. லீவுக்குப் போனா ராத்திரி அப்பத்தா பக்கத்துலதான் படுப்பேன். ஹெட்போன் போட்டுட்டு நான் மட்டும் சிரிச்சிட்டு இருந்தா அதுக்குப் பொறுக்காது. "என்ன கண்ணு, எனக்கும் சொல்லு." ஹெட்போனைக் கழட்டுவேன். கொரியன் காதுல விழும். "இவிங்க என்ன பேசறாங்க?" அதுக்கு சப்டைட்டில் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. சரின்னு நானே படிச்சு படிச்சுத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன். தேர்முட்டி தாத்தா சொன்ன பட்டாளத்து மாமா வேலைதான். சீக்கிரமே எனக்கும் கொழுப்பு வந்துருச்சு. ஹீரோயினோட மாமியாரை "என்ற ஊட்டுக்குள்ள காலு வெச்சீன்னா பாத்துக்க" அப்படின்னு பேச விட்டேன். அப்பத்தாவுக்கு அந்த மாமியார் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஒரு இடத்துலதான் ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். கொரியன் டிராமாவுல பேசாம நிப்பாங்க. மழை பெய்யும், அவன் குடையோட நிப்பான், அவ பாப்பா, ரெண்டு நிமிஷம் ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு அதுதான் உயிர். அப்பத்தா கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கும். "என்னாச்சு கண்ணு, கரண்டு போயிருச்சா?" "இல்ல அப்பத்தா, ரெண்டு பேரும் பாத்துட்டு நிக்கறாங்க." "எதுக்கு?" அதுக்கு என்ன சொல்றது? "லவ்வு அப்பத்தா." "லவ்வுன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான. பாவம் அந்தப் புள்ள மழைல நனையுது."


வெண்கோல்:

உங்கள் அப்பத்தா எங்கள் சங்கத்துக்குத் தலைவியாக வரத் தகுதியானவர்.

இப்போது வருகிற தமிழ் சீரியலிலும் இந்தத் தொல்லை வந்துவிட்டது, கவனித்தீர்களா? கல்யாண வீடு என்றால் ஆறு நிமிடம் பாட்டு மட்டும் போகிறது. ஸ்லோமோஷனில் நடக்கிறார்களாம். ஒரு வசனம் கிடையாது. நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, நோட்டுத் திருத்திவிட்டு வந்தாலும் அதே பாட்டு. சினிமா மாதிரி எடுக்கிறோம் என்று பெருமை வேறு. சினிமா மாதிரி எடுத்தால் சினிமாவுக்குப் போகிறவன் பார்ப்பான். கரண்டி பிடித்த கை, சுளகு பிடித்த கை எல்லாம் என்ன செய்யும்?


கட்டிங் டேபிள்:

ஐயா, அதற்குக் காரணம் ரீல்ஸ். மாலை மாற்றுகிற ஒரு நிமிஷத்தை வெட்டி எடுத்துப் போனில் போட்டால் அது தனியாக ஓடுகிறது. போனில் பார்க்கிறவன் பஸ்ஸில் சத்தத்தை அணைத்து வைத்துப் பார்க்கிறான். முன்பெல்லாம் படம் தெரியாவிட்டாலும் கதை புரிய வேண்டும் என்றார்கள். இப்போது சத்தம் கேட்காவிட்டாலும் புரிய வேண்டும் என்கிறார்கள். கீழே எழுத்து வேறு போட வேண்டும். என் சீனியர் ஓய்வு பெற்றுவிட்டார்.


சுக்குக்காப்பி:

காலையில் கோபமாக ஒன்று எழுதிவிட்டுப் போனேன். என் மனைவியிடம் "நீ சீரியலைப் பார்க்கிறாயா, கேட்கிறாயா" என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல, நீங்க பக்கத்துல உக்காந்து தொணதொணன்னு பேசறது காதுல விழாம இருக்கத்தான் சத்தமா வைக்கிறேன்" என்றாள். பதிவு செய்துகொள்ளுங்கள்.


ஆலங்குளத்தான்:

அண்ணே, இன்றைக்கு முதல் பரிசு அண்ணிக்கு.

நான் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் இந்த இழையையே ஆரம்பித்தேன். பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

எதிர்நீச்சல். கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் அதையும் எடுத்தார். ஆதி குணசேகரனாக மாரிமுத்து. ஊரே திட்டியது, ஊரே ரசித்தது. "ஏய் இந்தாம்மா" என்று அவர் ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் அம்மாவின் கை ஒரு நொடி நிற்கும். கண் அப்போதும் சுளகில்தான். உதடு மட்டும் ஒரு பக்கம் கோணும். "வந்துட்டான் பாவி" என்பாள். தேனிப் பக்கத்துப் பேச்சு, எங்கள் பேச்சுக்குப் பங்காளி முறை. அதனாலோ என்னவோ, அம்மாவுக்கு அந்த ஆள் மேல் கோபம் கோபமாகவே இருக்காது. சொந்தத்தில் இருக்கிற ஒரு முரட்டுப் பெரியப்பாவைத் திட்டுவது மாதிரி திட்டுவாள்.

2023 செப்டம்பர் 8. காலையில் அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், போய்விட்டார். நான் சென்னையிலிருந்து போனில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "நேத்து ராத்திரிகூட பேசிக்கிட்டு இருந்தாரேல" என்றாள்.

அப்புறம் அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் வந்த சமயம் நான் ஊரில் இருந்தேன். கூட்டமெல்லாம் இப்போது இல்லை. அவரவர் வீட்டில் டிவி, பிள்ளைகள் கையில் போன். அம்மாவும் ஆச்சியும் மட்டும்தான். ஆச்சி சுற்றுவதை விட்டு வருஷமாகிவிட்டது. சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது ஆள் வந்து நின்றார். மீசை, உடுப்பு, தோரணை எல்லாம் பொருத்தம். நல்ல நடிகர், நல்ல எழுத்தாளர், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயைத் திறந்து பேசினார்.

அம்மாவின் கை நின்றது. இந்தத் தடவை ஒரு நொடி இல்லை. சுளகை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். நான் பார்த்து அவள் சீரியல் நடுவில் சுளகை இறக்கியதே இல்லை. தலையைத் தூக்கி டிவியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இவரு ராம்நாட்டுப் பக்கம்லா," என்றாள்.

கூகுள் பண்ணிப் பார்த்தேன். பெருநாழி. ராமநாதபுரம் மாவட்டம்.

ஆச்சி, "நல்லாத்தான பேசுதாரு" என்றது. அம்மா பதில் சொல்லவில்லை. விளம்பரம் வந்தது. அம்மா சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். பத்தோ பதினொன்றோ போனதும் நின்றாள். எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துக் குவித்துவிட்டு, ஒன்றிலிருந்து எண்ணினாள்.